சட்டாம்பிள்ளையும் அவன் ஆசானும்

'சட்டாம்பிள்ளை' என்னும் சொல் இன்று ஏறத்தாழ வசைச்சொல்லாகிவிட்டது. யாரும் தமக்கு அளிக்காத அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு பிறரை ஆட்டிவைப்பவரைச் 'சட்டாம்பிள்ளைத்தனம் செய்கிறார்' என்கிறோம். வல்லரசுகளைக் கண்டிக்கும் நாளேட்டுத் தலையங்கங்களில் இச்சொல் தவறாமல் இடம்பெறும். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், தென்னார்க்காட்டுச் சீமையின் ஏதேனும் ஓர் ஊர்த் திண்ணையில், இஃது ஒரு பொறுப்பின் பெயர். ஆசிரியருக்குத் துணைநின்று கற்பிக்கும் மூத்த மாணவனின் பெயர்.

அந்தத் திண்ணையைச் சற்று மனக்கண்முன் கொண்டுவருவோம். ஊரில் வசதியுள்ள ஒருவரின் வீட்டுத் திண்ணை. அல்லது ஒரு கோயில் மண்டபம். ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகளோ இருபது, முப்பது பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிலையில் இருப்பர். இன்றுதான் சேர்க்கப்பட்டு மணலில் 'அ' எழுதப் பழகுகிறவனும் உண்டு. எண்சுவடியை மனப்பாடமாக ஒப்புவித்துவிட்டு ஓலை எழுதப் பயிலுகிறவனும் உண்டு. வகுப்பு என்ற பிரிவே இல்லாத இக்கூட்டத்தை ஒரே மனிதர் எப்படி நடத்துவார்? தேர்ந்த மாணவன் ஒருவனை அவர் அருகில் வைத்துக்கொண்டார். அவன் புதிய பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தைச் சுழிக்கக் காட்டினான். 'முறை' சொன்னான், அதாவது, அவன் உரக்கச் சொல்லப் பிறர் பின்தொடர்ந்து சொன்னார்கள். முதல்நாள் பாடத்தை ஒப்புவிக்கச் செய்து கேட்டான். ஆசிரியர் வெளியே சென்றால் பள்ளியைக் காத்தான். உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் தாம் கண்ட சட்டாம்பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் உபாத்தியாயருக்கு அஞ்சியதுபோலவே அவனுக்கும் அஞ்சினார்கள் என்பது உண்மையே. இன்றைய வசைச்சொல் அந்த அச்சத்திலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும்.

ஆயினும் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டாம்பிள்ளை முறை சொல்லும்போது ஆசிரியர் அதே திண்ணையில், நாலடி தொலைவில் அமர்ந்திருந்தார். எழுத்தைத் தவறாகக் காட்டினால் அக்கணமே அவர் குரல் எழும். பின்னாளில் அவனே ஓர் ஊரில் திண்ணைப் பள்ளி நடத்தப் போனால், அவன் பெற்ற ஆசிரியப் பயிற்சி இதுதான். வேறு கல்லூரி அவனுக்கு இல்லை.

இம்முறையை அயல்நாட்டார் வியந்து நோக்கியதற்குச் சான்றுகள் உண்டு. 1623-ஆம் ஆண்டு கன்னட நாட்டின் இக்கேரியில் பயணம் செய்த இத்தாலியரான பியெத்ரோ தெல்லா வாலே, ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவதைக் கண்டார். அருகில் ஆசிரியர் இல்லை. மறந்துவிட்டால் யார் திருத்துவார் என்று அவர் வினவ, நான்கு பேரும் ஒரே நேரத்தில் மறப்பது நடவாது என்னும் பொருள்பட அவர்கள் விடையிறுத்தார்களாம். அந்தச் சிறுவர்களின் அறிவு நம்மைப் புன்னகைக்க வைக்கிறது.

தெல்லா வாலே கண்டு வியந்ததோடு நின்றார். அதைக் கண்டு பயன்கொண்டவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கிலத் திருச்சபையின் குருவான ஆண்ட்ரூ பெல். 1787-இல் சென்னைக்கு வந்த அவர், 1789-இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதையர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். அங்கிருந்த சிறுவர்கள் கும்பினிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்தவர்கள். பலருக்குத் தாய் இந்நாட்டுப் பெண். தந்தையின் நாடும் அவர்களைத் தன் மக்கள் என்று எண்ணவில்லை. தாயின் ஊரும் எண்ணவில்லை. ஊதியத்திற்கு வந்த ஆசிரியர்களோ இப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் நாட்டமற்றவர்கள். ஒருநாள் காலை குதிரைமீது உலாவச் சென்ற பெல், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் செய்யுமாறு கடைநிலை வகுப்பின் ஆசிரியரிடம் கூறினார். அது நடவாத காரியம் என்று அவர் கைவிரித்துவிட்டார். பெல் விடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற சிறுவனை அழைத்தார். வயது எட்டு, சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன். நெடுங்கணக்கு வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதென்ற காரியம் அந்தச் சிறுவனால் ஆயிற்று. நாளடைவில் பள்ளியின் பெரும்பகுதி சிறுவர்களின் துணையோடே நடந்தது.

யாரும் பொருட்படுத்தாத ஒரு குழந்தையிடம் பிறரின் கல்வியை நம்பி ஒப்படைத்தது பெல் செய்த துணிகரமான செயல். அதை நாம் மனமாரப் பாராட்டலாம். ஆனால் அவர் அந்த வகுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடவில்லை. நாள்தோறும் அருகிருந்து கவனித்தார், குறித்து வைத்தார், திருத்தினார். 1796-இல் நாடு திரும்பி, 1797-இல் இலண்டனில் இச்சோதனையைப் பற்றி ஒரு சிறுநூலை வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதன் பின்னர்தான். அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

கடல்கடந்தபின் நடந்த கதை அவ்வளவு இனிமையானதன்று. 1798-இல் இலண்டனின் பரோ சாலையில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர், இதேபோன்ற முறையைக் கையாண்டு, ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றார். முறையை முதலில் கண்டவர் பெல்லா லங்காஸ்டரா என்று ஆங்கிலத் திருச்சபையாரும் பிற சபையாரும் கட்சி கட்டி வாதிட்டார்கள். நம் ஊர்த் திண்ணை ஒன்றிற்காக இலண்டனில் இரு சபைகள் வழக்காடிய விந்தையை எந்தத் திண்ணை ஆசிரியரும் அறிந்திருக்க மாட்டார்! லங்காஸ்டர் முறை தென் அமெரிக்காவரை சென்றது. 1824-இல் பொலிவார் அவரைக் கராகஸ் நகருக்கு வரவழைத்துக்கொண்டார். எங்கும் இம்முறையை விரும்பியதற்கு ஒரே காரணம், செலவு குறைவு. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால், அந்த ஓர் ஆசிரியர் எந்தச் சட்டாம்பிள்ளையைத்தான் கவனிக்க முடியும்? சிறுவர்கள் தாங்கள் பாதி அறிந்ததைப் பிறருக்குக் கால்பங்காகச் சொன்னார்கள். பிரான்சில் தெ லசால் சகோதரர்கள் இம்முறையை ஏற்க மறுத்து எதிர்த்து நின்றதை அக்காலத்தில் சிலர் பழமைவாதம் என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

ஏனெனில் அச்சகோதரர்களின் நிறுவனர் இவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எண்ணிப் பார்த்தவர். புனித ஜான் பாப்திஸ்து தெ லசால் 1680-களில் ரெய்ம்ஸ் நகரில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இல்லம் ஒன்றை ஏற்படுத்தினார். தம் சகோதரர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பள்ளி நடைமுறை நூலில், புதிய ஆசிரியரை உருவாக்குபவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தனிப்பகுதியே உண்டு. புதியவரிடம் களைய வேண்டிய குறைகளுள் ஒன்றாக அது சுட்டுவது, ஓயாமல் பேச வேண்டும் என்ற அரிப்பு. மேடையிலும் பீடத்திலும் பேசிப் பழகிய என் போன்றோருக்கும் அது பொருந்தும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டுத் திருச்சபையிலும் துணைக்கற்பித்தலுக்கு நெடிய மரபு உண்டு. 1540-களில் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தியதையும், சிறுவர்கள் தாம் கற்ற செபங்களை வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கச் செய்ததையும் வாசகர்கள் அறிவீர்கள். தரங்கம்பாடியில் லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு 1716-இல் உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் பங்குகளின் பழைய உபதேசியார்கள் பலர், பங்குக் குருவின் அருகிருந்து கற்றவர்கள். ஊர்த் திண்ணைப் பள்ளியின் வாயில் சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது என்பதை மறந்துவிட்டு அத்திண்ணையைப் புகழ்வது நேர்மையாகாது. அப்பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவர் உபதேசியாரே.

நிற்க. இங்கிலாந்தில் சென்னை முறையின் பழுது 1840-களில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1846-இல் அரசு 'மாணவ ஆசிரியர்' திட்டத்தைக் கொணர்ந்தது. பதின்மூன்று வயதில் சேரும் பிள்ளை ஐந்தாண்டுகள் ஒரு பள்ளியில் பயிற்சி பெறுவான். இருபத்தைந்து மாணவர்களுக்கு ஒருவர் என்று வரையறுக்கப்பட்டது. அவனுக்கு முதலாண்டு பத்துப் பவுனும், கடைசி ஆண்டு இருபது பவுனும் உதவித்தொகை. தலைமையாசிரியர் அவனுக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம் தனியே கற்பிக்க வேண்டும். அதற்காகத் தலைமையாசிரியருக்கும் தனியே பணம் உண்டு. ஒருவனைப் பயிற்றுவித்தால் ஐந்து பவுன், இருவரானால் ஒன்பது. ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்து சோதிப்பார். கற்பிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரு வேலை, அதற்கும் நேரமும் கூலியும் வேண்டும் என்று ஓர் அரசு பணத்தால் ஒப்புக்கொண்ட இந்த ஏற்பாட்டை வரலாற்று நூல்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகின்றன. என் கருத்தில், எழும்பூரில் பெல் கண்டதை இங்கிலாந்து உண்மையில் புரிந்துகொண்டது அப்போதுதான்.

சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. மாகாண மக்கள்தொகையோ ஏறத்தாழ ஒருகோடியே இருபத்தெட்டரை இலட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஆசிரியரின் வருவாய் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை என்றும், அத்தொகைக்குத் தகுதியுடையவர்கள் வர மாட்டார்கள் என்றும் மன்றோ 1826-இல் எழுதினார். ஆசிரியர்களைச் சென்னையில் பயிற்றுவிக்கவும், மாவட்டப் பள்ளிகளின் ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாயும் வட்டப் பள்ளிகளின் ஆசிரியருக்கு ஒன்பது ரூபாயும் கொடுக்கவும் திட்டமிட்டார். 1827-இல் அவர் காலராவில் மறைந்தார். திட்டமும் சில ஆண்டுகளில் மங்கிப்போயிற்று. 1854-இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை வலியுறுத்த, 1856-இல் சென்னையில் அரசுப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. இன்று சைதாப்பேட்டையில் இருக்கும் கல்வியியல் நிறுவனத்தின் வேர் அதுவே. நாளடைவில் திண்ணைகள் ஒழிந்தன, வகுப்புகள் பிரிந்தன. சட்டாம்பிள்ளை, கரும்பலகையில் பேசுகிறவர்கள் பெயரை எழுதும் வகுப்புத் தலைவனாகச் சுருங்கினான். அவன் செய்துவந்த மற்றொரு வேலை, அதாவது கற்பித்துக்கொண்டே கற்பிக்கக் கற்றுக்கொள்வது, பயிற்சிக் கல்லூரி மாணவரின் 'கற்பித்தல் பயிற்சி' ஆயிற்று. 2015 முதல் ஆசிரியக் கல்வியியல் பட்டப்படிப்பு இரண்டாண்டாக நீண்டபோது, அதில் இருபது வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இருபது வாரங்கள் சிறிய காலமன்று. அவை எவ்வாறு கழிகின்றன? பங்குப் பள்ளிகளின் தாளாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் கண்டதைச் சொல்கிறேன். கல்லூரியிலிருந்து கடிதம் வருகிறது. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் இசைவும் வருகிறது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டுப் பத்துப் பேர் பாடக்குறிப்பு ஏடுகளுடன் வாசலில் நிற்கிறார்கள். பேருந்து நிலையத்திற்கு அருகிலுள்ள பள்ளிகளில் பயிற்சி மாணவர்கள் நெரிகிறார்கள். மரக்காணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நாளுக்கு நான்கு முறை மட்டும் நகரப் பேருந்து வரும் ஊர்களின் ஈராசிரியர் பள்ளிகளுக்கு எவரும் செல்வதில்லை. துணை மிகுதியும் தேவைப்படும் இடம் அதுதான். 1987-இல் கரும்பலகைத் திட்டம் பள்ளிக்குக் குறைந்தது இருவர் என்று வகுத்தது. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளியில், நாம் முன்னே கண்ட திண்ணையின் நிலைமை ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது.

வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தபின் இரண்டில் ஒன்று நடக்கிறது. விடுப்பிலுள்ள ஆசிரியரின் வகுப்பு அவர்களிடம் தள்ளப்படுகிறது. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில், தடுமாறினால் கைகொடுக்க ஒருவருமின்றி நிற்கிறார்கள். அல்லது பதிவேடு எழுதவும் விடைத்தாள் அடுக்கவும் ஆண்டுவிழாவுக்குத் தோரணம் கட்டவும் பயன்படுகிறார்கள். கடைசி நாளில் ஏடுகள் அனைத்தும் ஒரே மூச்சில் கையொப்பம் பெறுகின்றன. வகுப்பாசிரியர்களைக் குறை கூறுவது எளிது. பயிற்சி மாணவருக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கினால், அந்த மணிநேரத்தை அவர்களுக்கு யார் ஈடுசெய்கிறார்? 1846-இன் அந்த ஐந்து பவுனை நம் காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கொரோனாப் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. அது தொடங்கிய இடம் நம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஐந்தாம் வகுப்புவரையிலும், பட்டம் பெற்றவர்கள் எட்டாம் வகுப்புவரையிலும் உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணிநேரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பட்டம் வாங்கி வீட்டில் முடங்கிக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர் தம் ஊர்த் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சிற்றாலய முற்றத்திலும் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை வைத்துப் பொருளியலறிஞர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதங்களில் பிள்ளைகள் மீட்டுக்கொண்டனர் என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்தன்னார்வலரால் நிகழ்ந்தது என்றும் அது கூறியது. அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். மன்றோ இருந்திருந்தால் மறுபடியும் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்.

இதற்கு முன்னரே நம் மாநிலத்து அங்கன்வாடிகளில் மற்றொரு சோதனை நடந்திருந்தது. 320 மையங்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கல்போல் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு ஓர் உள்ளூர்ப் பெண்ணை, கற்பித்தலுக்கென்றே அமர்த்தினார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டித்தது; பதினெட்டு மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். அதுவன்றி, கற்பிக்கும் சுமை குறைந்த பழைய பணியாளர் சத்துணவில் கூடுதல் கவனம் செலுத்த, ஊட்டக்குறைவும் குறைந்தது. இருவருக்கும் இன்ன வேலை என்று வரையறை இருந்தது. புதியவர் பழையவரின் இடத்தில் வைக்கப்படவில்லை. அவர் அருகில் வைக்கப்பட்டார்.

திண்டிவனத்திற்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்துவிட்டு, பின்னர்க் கல்வியியல் கல்லூரியில் சேர்ந்து, நமது பங்குப் பள்ளி ஒன்றிற்குப் பயிற்சிக்கு வந்தார். தலைமையாசிரியையான கன்னியர் அவருக்கு முதல் இரண்டு வாரம் வகுப்பே கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்பில் தமிழைக் கூட்டி வாசிக்கத் தெரியாத மூன்று பிள்ளைகளைக் கொடுத்தார். வகுப்பின் பின்வரிசையில், வகுப்பாசிரியர் பார்க்கும் இடத்தில், அவர்களோடு அமரச் சொன்னார். மாலை மணி அடித்தபின் வேப்பமரத்தடியில் கால்மணி நேரம் பேச்சு: இன்று எந்த எழுத்தில் தடுக்கியது, ஏன் அந்தப் பையன் வாய் திறக்கவில்லை, நீ ஏன் அவனுக்கு முன் விடையைச் சொல்லிவிட்டாய். மூன்றாம் வாரம் ஒரு பாடவேளை தந்தார். அடுத்த வாரம் இரண்டு. பயிற்சி முடிந்த நாளன்று அப்பெண் தம் ஏட்டை என்னிடம் காட்டினார். கையொப்பத்திற்கு மேலே, சிவப்பு மையில், இரண்டு பக்கங்கள் நிறைய எழுதியிருந்தார் தலைமையாசிரியை.